ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும்

குடிக்க வேண்டும் என்றால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் போவதற்குள் மூன்று கடைகள். மூன்றுக்கும் ஆள் உயரப் பலகை, பலகையைச் சுற்றி விளக்கு, பட்டப்பகலிலும் எரியும். குடியை நிறுத்துகிறவர்கள் கூடுகிற இடத்துக்கு மட்டும் பலகை கிடையாது, விளக்கு கிடையாது, வாசல்கூட கிடையாது போலிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்தக் கூட்டத்தைத் தேடி நான் அலைந்தேன். எனக்காக அல்ல. நான் தொட்டதுகூட இல்லை. என் வலது கையில் மூன்று விரல்களைத் தின்றவனுக்காக அலைந்தேன்.

அவன் என் மனைவியின் தம்பி. நானும் அவனும் ஒரே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான் என்பது தனி வயிற்றெரிச்சல். லிப்ட் வேலையில் உயிரைக் காப்பது ஒரே ஒரு விதி. வேலைக்கு இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உன் பூட்டைப் போட வேண்டும். உன் பெயரும் படமும் உள்ள அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி உன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பூட்டினவன்தான் திறக்கலாம். முதலாளியே வந்து நின்றாலும் அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நான் அப்படித்தான் பூட்டினேன், அன்றும் பூட்டினேன். மொட்டை மாடி மெஷின் ரூமில் பூட்டைப் போட்டுவிட்டு ஐந்தாவது மாடிக்கு இறங்கி, லிப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, கம்பிவடம் ஓடுகிற சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கூண்டு ஒரு முழம் மேலே ஏறியது. ஒரே ஒரு முழம்.

மெஷின் ரூமில் இருந்தவன் மச்சினன் ஒருவன்தான். காலை பத்து மணிக்கே வாயில் ஏலக்காயை மென்றுகொண்டிருந்தான். அவன் எதற்கு ஏலக்காய் மெல்லுவான் என்று எங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டது அவன்தான். எப்படித் திறந்தான் என்பதைச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. ஆனால் விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது என் பூட்டு சுவிட்சில் இல்லை. மெஷின் ரூமில் நான் விட்டுப்போன கருவிப் பையில், ஸ்பேனர்களுக்கு நடுவே, அட்டையோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. பூட்டுப் போடாமலே வேலைக்கு இறங்கிவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். மச்சினனைக் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல சார், நான் கீழே டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றான். ஒன்றுமே ஞாபகமில்லாதவனுக்கு டீ மட்டும் ஞாபகம் இருந்தது.

இது நடந்து ஒன்பது வாரம். மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அங்கே நான் சொல்வதுதான் கோப்பில் ஏறும். கை போனாலும் மேற்பார்வை வேலை தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் தன் பூட்டையே போடத் தெரியாதவனை எவன் மேற்பார்வைக்கு வைப்பான்? என் பெயர் சுத்தமாக வேண்டும் என்றால் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் வேலை போகும், வழக்கும் வரலாம்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. அப்பா அம்மா போனபிறகு அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஒன்பது வாரமாக ஒரு நாள் என் பக்கம், ஒரு நாள் அவன் பக்கம் என்று ஆடிக்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை என் கைக்குக் கட்டு மாற்றிக்கொண்டே ஒரு பேரம் பேசினாள்.

"விசாரணையில நீங்க என்ன வேணா சொல்லுங்க. அவன் பேரைச் சொல்லுங்க. வேலை போகட்டும், கேஸ் வரட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் குடி நிறுத்தறவங்க கூட்டத்துல அவனை ஒரு மணி நேரம் உக்கார வையுங்க. அது போதும்."

"நான் எதுக்கு? உன் தம்பி, நீ கூட்டிட்டுப் போ."

"நான் போனா அவன் அழுவான், நானும் அழுவேன், பாதி வழியில ரெண்டு பேரும் திரும்பி வந்துடுவோம். உங்களைக் கண்டாத்தான் அவனுக்குப் பயம்."

"என் கையை எடுத்தவனை நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

"இன்னொரு கை இருக்குல்ல" என்றாள். கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை மாலை ஷிப்டு. ஏழேகாலுக்கு இடைவேளையில் போன் செய்வதாகச் சொன்னாள். அதற்குள் அவன் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். சரி, ஒரு மணி நேரம்தானே, உட்கார வைத்துவிட்டு நாளைக்கு இவன் கதையை முடிக்கலாம் என்று கிளம்பினேன்.

ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரைத் திருக என் வலது கையால் முடியாது. அதனால் வண்டியை அவன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்தேன். இதைவிட ஒருவனுக்கு என்ன அவமானம் வேண்டும்? அவன் குடியை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பெண் பார்க்கக் கிளம்பியவன்போல இருந்தான். நானோ ஒன்பது வாரத் தாடி, கட்டுப் போட்ட கை, தூங்காத கண்.

"மெதுவா போறேன் மாமா."

"வாயை மூடிட்டு ஓட்டு."

ஒரு போன் நம்பரை என் மனைவி எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தாள். கூப்பிட்டால் பதிவு செய்த குரல் ஒன்று, நீங்கள் தனியாக இல்லை என்று நாலு முறை சொன்னது. நாலு முறையும் நான் தனியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் முகவரி வந்தது. நூலகத்தின் மேல்மாடி, செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறு மணி.

நூலகத்தின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கீழே மேசையில் இருந்த அம்மா, நான் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முதலில் கண், அப்புறம் தாடி, அப்புறம் கட்டு.

"அவங்களா? அவங்க போய் ஒரு வருஷம் ஆச்சுங்களே. ஆஸ்பத்திரியில இடம் கொடுத்திருக்கிறதா கேள்வி." குரலைத் தாழ்த்தினார். "நல்ல முடிவு எடுத்திருக்கீங்க. விட்டுடாதீங்க."

"எனக்கு இல்லம்மா. இதோ இவனுக்கு."

மச்சினன் பணிவாகக் கும்பிட்டான். அந்த அம்மா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கூட வந்து பாத்துக்கறீங்களே, பெரிய மனசு தம்பி" என்றார். நான் வெளியே வந்து ஸ்கூட்டரின் ஸ்டாண்டை உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி. அவரிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் வாயில் என்ன ஒலிபெருக்கியா கட்டியிருந்தது, தெரியவில்லை.

"குடிகாரங்க கூட்டமா? இங்க கிடையாதுங்க. குடிகாரங்களுக்கு எட்டாம் நம்பர் ரூம், காலையில வரணும். குடிச்சிருக்கீங்களா இப்போ?"

மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்த முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மச்சினன் எனக்கு முன்னால் வந்து நின்று, "எனக்குத்தாங்க, நான்தான் குடிகாரன்" என்றான். அதை அவன் அத்தனை பேர் முன்னால் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவன் வேஷம் எவ்வளவு சுலபமாக வருகிறது பார் என்று நினைத்தேன். காவலாளி யோசித்துவிட்டு, நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு கூடம் இருக்கிறது, அங்கே சாயங்காலம் சாயங்காலம் யாரோ வட்டமாக உட்கார்ந்து அழுகிறார்கள் என்று சொன்னார்.

ஐந்தேகால் ஆகிவிட்டது. கூடம் இருந்தது, வட்டமும் இருந்தது. பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று இடம் விட்டார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு பெரியவர் மச்சினனிடம், "எத்தனை வருஷமா இருக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"பதினாறு வருஷமா."

"சின்ன வயசு. வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

"அப்பாவுக்கு இருந்துச்சு. அதுலதான் போனார்."

"அப்படித்தான் வரும். ஊசி போட்டுக்கறீங்களா?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பாதத்தின் படம், அதன்கீழ் சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுந்து வெளியே வந்தோம். மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தான். ஒன்பது வாரத்தில் நான் அவனை அறையாமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். உண்மையில் ஒரு நாளும் அறைந்ததில்லை. வலது கையால்தான் எனக்கு அறையத் தெரியும்.

"சிரிப்பு வருதாடா உனக்கு?"

"இல்ல மாமா. மன்னிச்சுக்குங்க மாமா."

"எதுக்கு மன்னிப்பு? உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமில்லையே."

அவன் சிரிப்பு நின்றது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

கூடத்தைக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவராகவே கிட்டே வந்தார்.

"குடியை விடறவங்களையா தேடறீங்க? முன்னாடி இங்கதான் இருந்தாங்க. டீ போடறேன்னு தரையெல்லாம் ஊத்தறாங்கன்னு துரத்திட்டாங்க. பின்தெருவுல மழலைப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்க போங்க. முன்கேட்டு பூட்டியிருக்கும். பக்கத்துச் சந்துல போய்க் கதவைத் தள்ளுங்க."

"இதை ஒரு பலகையில எழுதிப் போட்டா என்னம்மா?" என்றேன். என் கோபத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

"பலகை போட்டா யாருங்க வருவாங்க? எம் புருஷன் ரெண்டு வருஷம் அங்கதான் வந்தாரு. வந்தது எனக்கே தெரியாது." துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சந்துக் கதவைத் தள்ளியபோது ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. ஒரு வகுப்பறை. சுவர் நிறைய யானை, பூனை, வாழைப்பழம், அ முதல் ஃ வரை. முழங்கால் உயர நாற்காலிகள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், நேராக வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் தடவையா? பயப்படாதீங்க."

"எனக்கு இல்லை" என்றேன். அன்றைக்கு அதை நான் சொன்னது எத்தனையாவது தடவையோ.

மாதத்தின் முதல் செவ்வாயில் வீட்டு ஆட்களும் உட்காரலாமாம். கதவோரம் ஒரு நாற்காலியில் என்னைத் திணித்துக்கொண்டேன். கண்ணாடிக்காரம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். இங்கே யாரைப் பார்க்கிறோமோ, இங்கே எதைக் கேட்கிறோமோ, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம். "விட்டுட்டுப் போறோம்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நானும் சொல்லித் தொலைத்தேன். என் கண் கடிகாரத்தில் இருந்தது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு தையல்காரர் மகள் கல்யாணத்தில் மேடையிலிருந்து விழுந்ததைச் சொன்னார். ஒரு பள்ளி ஆசிரியை தண்ணீர்ப் பாட்டிலில் என்ன கொண்டுபோனார் என்று சொன்னார். ஒவ்வொருவர் முடித்ததும் எல்லோரும் நன்றி சொல்லிக் கை தட்டினார்கள். எனக்கு எரிந்தது. இவர்கள் யாரைத் தள்ளிவிட்டார்களோ, இவர்கள் வீட்டில் யார் அடிவாங்கினார்களோ, அவர்களுக்கெல்லாம் யார் கை தட்டுகிறார்கள்? ஆறு முப்பத்தைந்து. மச்சினன் பேசமாட்டான், வெறுமனே உட்கார்ந்திருப்பான், ஏழு மணிக்கு எழுந்து போய்விடலாம்.

மச்சினன் எழுந்து நின்றான்.

"நான் குடிகாரன். பதினோரு நாள் ஆச்சு." கை தட்டினார்கள். அவன் யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒன்பது வாரத்துக்கு முன்னாடி வேலையில ஒருத்தரோட பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். அவர் முடிச்சிட்டு இறங்கியிருப்பார்னு நெனச்சேன். நெனச்சேனா, அதுவும் தெரியல. சீக்கிரம் முடிச்சா மதியத்துக்குள்ள ஒரு வாய் போடலாம், அதுதான் மனசுல. கீழே கத்தினது கேட்டுச்சு. உடனே அணைச்சேன். அப்புறம் நான் ஓடியிருக்கணும். ஓடல. பூட்டையும் அட்டையையும் எடுத்தேன். அவர் பையைத் திறந்தேன். ஸ்பேனருக்கு நடுவுல அழகா வெச்சேன். ஜிப்பை இழுத்து மூடினேன். தினமும் காலையில டம்ளரைப் பிடிக்க முடியாத கைங்க இது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் நடுங்கல. அதுக்கப்புறம்தான் கீழே ஓடினேன். ஞாபகமில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். எல்லாம் ஞாபகமிருக்கு. ஜிப்போட சத்தம்கூட ஞாபகமிருக்கு."

உட்கார்ந்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். "நன்றி" என்றார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. அதைப் பிய்த்து எடுக்க எனக்கு ஒரு கைதான் இருந்தது, தையல்காரர் வந்து உதவினார். சிரிக்கவேண்டிய விஷயம், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்கு நன்றி?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அந்த ஒருத்தர் நான்தான். இதுதான் அந்தக் கை. ஒன்பது வாரமா இவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதான்னு காத்துட்டிருக்கேன். வந்திருக்கு. எங்க வந்திருக்கு? வெளியில கொண்டுபோகக் கூடாத இடத்துல வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு இதை இவன் சொல்லுவானா?"

"ஐயா, இங்க கேட்டதை…" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரம்மா.

"தெரியும். இங்கேயே விட்டுட்டுப் போகணும். விரலையும் அப்படித்தான் விட்டுட்டு வந்தேன்."

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கோபம். "அவர் சொன்னதை நீங்க வெளியில சொல்லக்கூடாது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்ல உங்களை யாரும் தடுக்கலையே. பூட்டினவர் நீங்க. உங்களுக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையும் சொல்லலாம். இங்கேயே வேணும்னாலும் சொல்லுங்க. நேரம் இருக்கு."

திரும்ப அந்தக் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை உட்கார வைத்தது அவர் சொன்னது அல்ல. மச்சினன் பேச்சில் விட்டுப்போன ஒன்று. பூட்டைத் திறந்தேன் என்றான். எந்தச் சாவியால் என்று சொல்லவில்லை. எல்லாம் ஞாபகமிருக்கிறவனுக்கு, ஜிப்பின் சத்தம்கூட ஞாபகமிருக்கிறவனுக்கு, அது மட்டும் எப்படி மறக்கும்? எனக்காக ஒளித்திருக்கிறான். குடிகாரர்கள் நடுவில், ஒளிக்க வேண்டாத ஒரே இடத்தில், என்னைக் காப்பாற்றியிருக்கிறான்.

சொல்லிவிடுகிறேன். சாவியை நான்தான் கொடுத்தேன்.

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று பூட்டினவனிடம், இன்னொன்று உறையில் போட்டு ஒட்டி அலுவலக அலமாரியில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலை முடிந்து, பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடுமுறை. ஒரு கட்டடமே படியேறிக்கொண்டிருக்கிறது என்று போன். ஊரின் அந்தக் கோடிக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தேன். அதோடு, இனி இந்தத் தொல்லை வேண்டாம், இவன்தானே எப்போதும் கூட வருகிறான், நம் குடும்பத்துக்குள் என்ன என்று இரண்டாவது சாவியை மச்சினனிடம் கொடுத்தேன். உறையில் எங்கள் வீட்டுப் பழைய பீரோவின் சாவியைப் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டேன். அவன் குடிக்கிறான் என்று அப்போதே எனக்குத் தெரியும். பிறகு அது முற்றிப்போனதும் தெரியும். திருப்பிக் கொடு என்று கேட்டால் வீட்டில் அழுகையும் சண்டையும் வரும் என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். எப்படித் திறந்தான் என்று என் மனைவி ஒன்பது வாரமாகக் கேட்கிறாள். அவனையே கேள் என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குக் கூட்டம் முடிந்தது. சந்தில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். அவன் வண்டியை எடுக்காமல் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன் மாமா."

"என்ன சொல்லுவே?"

"உள்ள சொன்னது அத்தனையும். சாவியை மட்டும் உங்க சட்டைப்பையிலிருந்து திருடி நகல் எடுத்ததா சொல்லிடறேன். எப்படியும் என் வேலை போகப்போகுது. அதுல திருட்டு ஒண்ணு சேந்தா என்ன? உறையில இருக்கிற பீரோ சாவியை எடுத்துட்டு, என்கிட்ட இருக்கிறதை நீங்க இன்னைக்கே போட்டு ஒட்டிடுங்க. அலமாரி உங்களுக்குத் தெரிஞ்சவர்கிட்டதானே இருக்கு. மேற்பார்வை வேலை உங்களுக்கு நிக்கும். அக்காவுக்கும் ஒரு வீட்டுலயாவது சோறு இருக்கும்."

நன்றாக யோசித்து வைத்திருந்தான். ஓட்டையே இல்லை. பதினோரு நாளாகக் குடிக்காத மூளை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. என் பெயர் சுத்தம், என் பூட்டு சுத்தம், இருபத்திரண்டு வருடமும் சுத்தம். மறைக்க மாட்டேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. அப்படியே செய் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

போன் அடித்தது. ஏழேகால்.

"உக்காந்தானா?" என்றாள் என் மனைவி. பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

"உக்காந்தான்."

"ஒரு மணி நேரமும்?"

"ஒரு மணி நேரமும்."

"அப்போ சரி. நான் சொன்ன வார்த்தை மாற மாட்டேன். நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பேசுங்களேன். என்ன, பேச மாட்டேங்கறீங்க?"

"சாவியை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன்" என்றேன். "ரெண்டு வருஷமா அவன்கிட்டதான் இருந்துச்சு. குடிக்கிறான்னு தெரிஞ்சும் வாங்கல."

துண்டித்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். துண்டிக்கவில்லை.

"ஒன்பது வாரம்" என்றாள் கடைசியில். மிகவும் மெதுவாகச் சொன்னாள். "ஒன்பது வாரமா அவனை மட்டும் திட்டினீங்க. நானும் சேர்ந்து திட்டினேன். சாகவும் சொல்லிட்டேன் ஒரு நாள். அப்பவும் அவன் இதைச் சொல்லல. நீங்களும் சொல்லல."

போனை வைத்துவிட்டாள்.

மச்சினன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு இருந்த கோபமெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. யார் மேல் என்பதில்தான் சின்னக் குழப்பம். அவனை நான் மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை.

"கேட்டுக்கோ" என்றேன். "நாளைக்குப் பூட்டினது நான், சாவி கொடுத்தது நான், திறந்தது நீ. இதுல ஒரு எழுத்து மாறக்கூடாது. திருடினேன், நகல் எடுத்தேன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, எல்லார் முன்னாடியும் செருப்பைக் கழட்டி அடிப்பேன். இடது கையால."

"ரெண்டு பேர் வேலையும் போயிடும் மாமா."

"போகட்டும். வண்டியை எடு."